கழுத்தில் மூன்று பள்ளம்

கள்ளக்குறிச்சி,
24–1–1988

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் எழுதிய இன்லேண்ட் லெட்டர் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. சத்தமே வராமல் போன எங்கள் எலெக்ட்ரிக் கிடாரில் வயர் சொருகும் இடம் மட்டும்தான் பழுது, அதை மாற்றியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தின் கடைசி மடிப்பில், "கழுத்தின் பின்பக்கம் மூன்று இடத்தில் பள்ளம் இருக்கிறது. தொழில் தெரியாதவர் யாரோ கெடுத்து வைத்திருக்கிறார். நிரப்பி மட்டம் செய்யட்டுமா, புதுக் கழுத்தே போட்டுவிடட்டுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். நிரப்புகிற பசையை இதற்குள் குழைத்திருந்தால் தயவுசெய்து வேறு ஏதாவது வேலைக்கு வைத்துக்கொள்ளவும். காரணத்தை முதலிலிருந்து எழுதினால்தான் தங்களுக்கு விளங்கும்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஐந்து பேர். அரங்கநாதன் கீபோர்டு வாசித்து ஆண் குரலும் பாடுவார். குழு அவருடையது, மாஸ்டர் என்று கூப்பிடுவோம். நிர்மலா பெண் குரல். பகலில் இங்கேயே மந்தைவெளிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறது. கிடார் தங்கதுரை, கச்சிராயபாளையத்தில் கரும்பு வைக்கிற குடும்பம். பாங்கோஸ் அடிப்பதும் கடிதம் எழுதுவதும் நான். ஐந்தாவது டிரம்ஸ் வாசிப்பவர். அவருக்கு இந்த விஷயத்தில் சம்பந்தம் இல்லை. நடந்தது எல்லாம் நடந்தபோதும் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

கிடார் எங்களிடம் வரும்போதே அதன் கழுத்து உலக்கைக் கனம். தங்கதுரைக்குக் கரும்பு வெட்டிய கை. உள்ளங்கை அகலமாக இருக்கும், விரல்கள் குட்டை. ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்க வைத்து அமுக்குகிற பிடி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் முட்டுக் கொடுக்க வேண்டும். அவன் கட்டைவிரல் கழுத்தைச் சுற்றி வருவதற்குள் வழியிலேயே நின்றுவிடும். இரண்டு தந்தி பாடும், நாலு தந்தி இருமும்.

போன செப்டம்பர் ஆரம்பத்தில் ரிஷிவந்தியத்தில் ஒரு கச்சேரி. முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது மாஸ்டர் சொன்னார்.

"தங்கதுரை, ஆயுத பூஜைக்கு உங்க ஊரு வேன் ஸ்டாண்டுல கச்சேரி. அதுதான் உனக்குக் கடைசி சான்ஸ். அன்னிக்கும் இப்புடி கொசு அடிச்சினு இருந்தன்னா, கிடாரை என் மச்சான் ராமசாமி வாங்கிப்பான். நீ கிலுகிலுப்பை ஆட்டு."

"எங்க ஊருலயா மாஸ்டர்?"

"உங்க ஊருலதான். மேடைக்கு நடுவுலயே நில்லு, நல்லா தெரியும்."

ராமசாமி விழுப்புரத்தில் இருக்கிறார். நீள விரல்காரர். அன்றைக்கும் எதற்கோ வந்திருந்தார். வேன் கதவில் சாய்ந்துகொண்டு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கதுரை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கிடார் வாசிக்கிறவன் என்று சொல்லித்தான் அவனுக்கு எலவனாசூர்கோட்டையில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கிலுகிலுப்பை ஆட்டுகிறவனுக்கு யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அவன் நினைத்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

கழுத்தை மெல்லிசாக்கிவிட்டால் போயிற்று என்று யோசனை சொன்னவன் நான்தான். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், மாயவன் என்று ஒருவர் இருக்கிறார். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் பிடி போடுகிறவர். எங்கள் வீட்டு மண்வெட்டிக்கு அவர் போட்ட பிடிதான். நாள் முழுக்க வாய்க்கால் வெட்டினாலும் கை காய்க்காது. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. வாரச் சந்தைக்குக் கட்டுக்கட்டாகப் பிடி அனுப்புகிறார். பேச்சில் மரியாதை கொஞ்சம் கம்மி, வேலை சுத்தம்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் நானும் தங்கதுரையும் கிளம்பினோம். கிடார் ஒன்று, டேப்ரிக்கார்டர் ஒன்று, கேசட் ஒன்று. சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம், ஆகையால் மாற்று வேட்டி எடுக்கவில்லை. டேப்ரிக்கார்டர் எதற்கு என்றால், தங்கதுரைக்கு ஸ்வரம் தெரியாது. பாட்டை ஓடவிட்டு, கையைக் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தி, எந்த இடத்தில் பிடித்தால் பாட்டோடு ஒட்டுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்வான். அவனுக்குக் காது நல்ல காது. பிடி மூன்றுதான் தெரியும். அந்த மூன்றை வைத்தே எல்லாப் பாட்டையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

மாயவன் கிடாரை வாங்கி முதலில் தந்தியைத் தட்டினார். பிறகு காதை உடம்பில் வைத்துக் கேட்டார்.

"இன்னாப்பா இது, உசுரு இல்ல?"

"கரண்டு வேணும்ண்ணா. ஆம்ப்ளிபயர்ல சொருவுனாதான் சத்தம் வரும்."

"கரண்டு இல்லன்னா?"

"இப்புடித்தான்."

"அப்ப கரண்டு போச்சுன்னா கோடாலி அளவுக்குக்கூட இதுக்கு வேலை இல்ல," என்று சொல்லிவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "மரம் நல்ல மரம். உள்ள இரும்புக் கம்பி ஒண்ணு ஓடுது. அது வரைக்கும் போவ மாட்டேன். கையைக் காட்டு."

இப்போது அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். மாயவன் அளவு எடுக்க மாட்டார். விளக்குக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து நம் உள்ளங்கையில் பூசுவார். பிடியைக் கையில் கொடுத்து, "போய் வேலை செய்" என்பார். அரை நாள் கொல்லையில் கொத்திவிட்டு வந்தால், பிடியில் எங்கே கரி ஏறியிருக்கிறதோ அங்கே கை அழுந்துகிறது என்று அர்த்தம். அந்தக் கருப்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுப்பார். மறுபடியும் கரி, மறுபடியும் வேலை, மறுபடியும் சுரண்டல். கரி எங்கேயும் அழுத்தமாக விழாமல் சாம்பல் மாதிரி படிகிற வரைக்கும் விடமாட்டார். மண்வெட்டியில் கை முன்னே பின்னே போய்வரும், ஆகையால் பிடி முழுக்க ஒரே சீராகத் தேயும். இது எனக்குத் தெரியும். கிடாரில் தங்கதுரையின் கை எங்கெங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை. இது என் தவறு.

முதல் சுற்று முடிவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. "ராத்திரி தங்கிட்டு காலையில போங்க," என்றார் மாயவன். காலையில் பஸ் இல்லை. அடுத்த நாளும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் நம் ஜில்லா முழுக்கச் சாலை மறியல் நடந்தது தங்களுக்கும் தெரிந்திருக்கும். மலையடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் விழுந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் தங்கதுரையின் சித்தப்பாவும் ஒருவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"அவருகிட்ட சொன்னா நம்மள மட்டும் வுடுவாரா?" என்று தங்கதுரை கேட்டான்.

"உன்னை விடுவாரு. பஸ்ஸை விடுவாரா?"

"அது மாட்டாரு. பிடிவாதம் ஜாஸ்தி."

ஆக ஒரு வாரம் அங்கேயே. மாயவனுக்கும் சந்தை இல்லாததால் வேறு வேலை இல்லை. அவருடைய முழுக் கவனமும் எங்கள் கிடாரின் மேல் விழுந்தது.

காலையில் தங்கதுரை கையில் கரி பூசிக்கொண்டு உட்காருவான். நான் டேப்பை ஓடவிடுவேன். வேன் ஸ்டாண்டில் முதலில் பாடப்போகும் டூயட் பாட்டு. அதையே திரும்பத் திரும்ப. மாயவனின் மனைவி சின்னப்பொண்ணு முதல் நாள் ஆசையாகக் கேட்டது. இரண்டாம் நாள், "இந்தப் பொட்டியில வேற பாட்டே கெடையாதா?" என்றது. மூன்றாம் நாள் தங்கதுரையைப் பார்த்து, "அண்ணா, உன் கையி கருப்பா கீது, மூஞ்சியெல்லாம் தொடச்சிக்காத. மாட்டுக்குப் பயமா கீதாம்," என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குள் அவன் மூக்கு, நெற்றி, காது எல்லாம் கரி.

வியாழக்கிழமையே பேட்டரி இறங்கிவிட்டது. வெள்ளிமலைக் கடையில் கேட்டேன். "லாரி ஏறுனாதான் பேட்டரி. மரம் எடுத்தாதான் லாரி," என்றார் கடைக்காரர். வேறு வழியில்லாமல் நாலு பேட்டரியையும் பாறை மேல் வெயிலில் காயவைத்தேன். இரண்டு மணி நேரம் காய்ந்தால் ஒரு மணி நேரம் ஓடும். ஓடியது. ஆனால் பாட்டு கொஞ்சம் மெதுவாக வந்தது. ஆண் குரலுக்குச் சளி பிடித்தாற்போல் இருந்தது, பெண் குரல் ஆணாகிக்கொண்டிருந்தது.

"தமிழு, பாட்டு கொஞ்சம் கீழ எறங்குன மாதிரி கீதே," என்றான் தங்கதுரை.

"மலை மேல காத்து குளிர்ச்சி. அப்படித்தான் கேட்கும்," என்றேன். இது இரண்டாவது தவறு. இதுவும் என்னுடையது.

அவன் தன் வழக்கப்படி காதை நம்பினான். பாட்டு இறங்கிய அளவுக்குக் கையையும் இறக்கிக்கொண்டான். கழுத்தின் மேல் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்று சொல்வது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மாஸ்டரின் சுருதியில் அந்தப் பாட்டுக்கு அவன் கை நிற்க வேண்டிய இடங்கள் மூன்று, ஐந்து, ஏழாம் ஃப்ரெட்டுகள். மலையில் அது ஒன்று, மூன்று, ஐந்துக்கு வந்துவிட்டது. கரி அந்த மூன்று இடத்தில் மட்டும் ஏறியது. மாயவன் அந்த மூன்று இடத்தில் மட்டும் சுரண்டினார். ஐந்து நாள் சுரண்டினார்.

திங்கட்கிழமை மத்தியானம் கரி சாம்பலாகப் படிந்தது. மாயவன் சில்லைக் கீழே வைத்தார்.

"இப்ப புடி."

தங்கதுரை பிடித்தான். கட்டைவிரல் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆறு தந்தியும் அமுங்கியது. கரண்டு இல்லாததால் சத்தம் என்னவோ ஈ பறக்கிற அளவுதான். ஆனாலும் ஆறு ஈயும் ஒன்றாகப் பறந்தன. தங்கதுரை அப்படியே என்னைப் பார்த்தான். கரி முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அழுவாத," என்றார் மாயவன். "எண்ணெ கரைஞ்சி சட்டையில வுழும்."

மறியல் முடிந்து, மரம் எடுத்து, பஸ் ஓடி, நாங்கள் இறங்கி வந்தோம். மாஸ்டர் வீட்டில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ரிகர்சல் வைக்க முடிந்தது. ராமசாமியும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிபயரில் சொருகினோம். புது பேட்டரி போட்டு டேப்பையும் ஓடவிட்டோம். அப்போதுதான் தெரிந்தது.

சரியான சுருதிக்குத் தங்கதுரை மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்தான். அங்கே பள்ளம் இருந்தது. நன்றாக வந்தது. ஐந்திலும் இருந்தது. அதுவும் வந்தது. ஏழாம் ஃப்ரெட்டுக்குப் போனான். அங்கே பழைய உலக்கை. தந்தி இருமியது. அதைவிட மோசம், கட்டைவிரல் ஒரு வாரமாகப் பழகிய மூன்று பள்ளத்தைத் தேடிக்கொண்டு தானாகவே கீழே சறுக்கியது. மூன்றில் பிடித்தால் ஒன்றுக்குப் போய்விடும். சைக்கிள் குழியில் இறங்குகிற மாதிரி, அவன் பிடிக்கப் பிடிக்க இறங்கியது.

தந்தியை எல்லாம் முறுக்கி ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். ஏற்றினோம். மெல்லிய தந்தி அறுந்து ராமசாமியின் புதுச்சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தட்டிவிட்டது. மாற்றுத் தந்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதோடு அந்த யோசனை முடிந்தது.

"கீபோர்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க மாஸ்டர்," என்றேன். "அதுல சுருதி மாத்துற பட்டன் இருக்கே."

"அந்தப் பட்டனை நான் வாங்குன நாள்லேர்ந்து தொட்டதில்ல. இனியும் தொட மாட்டேன். பாட்டு எந்த சுருதியில வந்துச்சோ அந்த சுருதியிலதான் பாடணும்." பிறகு ராமசாமியின் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ கிட்டயே நில்லு. மொத பாட்டு இவன் வாசிக்கட்டும். சொன்ன வார்த்தைக்காக. ரெண்டாவது பாட்டுக்கு வாங்கிக்க," என்றார்.

இதுவரை நிர்மலாவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அது ஒரு மூலையில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டரின் குரல் மெல்லிசு, மேலே போகும். அவர் சுருதி அவருக்கு வசதி. நிர்மலாவுக்கு அந்த டூயட்டில் உச்சிக்குப் போகும் ஓர் இடத்தில் ஒவ்வொரு கச்சேரியிலும் குரல் உடையும். உடைந்தால் முன்வரிசையில் யாராவது கோழி மாதிரி கூவுவார்கள். கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா என்று இரண்டு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டது. பட்டனைத் தொடமாட்டேன் என்பதுதான் பதில்.

ரிகர்சல் முடிந்து வெளியே வந்ததும் நிர்மலா தங்கதுரையிடம் கேட்டது:

"அண்ணா, கீழ எறக்கிப் புடிச்சா எல்லாம் சுத்தமா வருதா?"

"சுத்தமா வரும் நிர்மலா. அது மட்டுந்தான் வரும்."

"டூயட்டுக்கு முன்னாடி கிடார் மட்டும் தனியா வருமில்ல?"

"ஆமா. எட்டு எண்ற வரைக்கும்."

"உனக்கு எங்க வருதோ அங்கயே வாசி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஆயுத பூஜை அன்று கச்சிராயபாளையம் வேன் ஸ்டாண்டில் பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் ஆகி, ஆறு மணிக்கு மேடையில் ஏறினோம். சந்தனம் பூசின வேன்கள் வரிசையாக நின்றன. ஊரே வந்திருந்தது. தங்கதுரையின் சித்தப்பா முதல் வரிசை. எலவனாசூர்கோட்டையிலிருந்து பெண்ணின் மாமா ஒருவர் வந்திருப்பதாகக் காதில் சொன்னார்கள். மேடையோரத்தில் ராமசாமி, கையில் கிலுகிலுப்பை. இரண்டாவது பாட்டில் மாற்றிக்கொள்வதற்குத் தயாராக.

தங்கதுரை கிடார் முன்னிசையைத் தொடங்கினான். ஒன்று, மூன்று, ஐந்து. கட்டைவிரல் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறியது. ஐயா, இந்தத் தடவை கரண்டு இருந்தது. ஆறு தந்தியும் சேர்ந்து ஒரே குரலில் வந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. மாஸ்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சுருதி கீழே இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சரி, பாட்டு ஆரம்பித்ததும் நிர்மலா வழக்கமான சுருதியைப் பிடித்துவிடும், இவன் மாட்டிக்கொள்வான் என்று நினைத்திருப்பார்.

நிர்மலா கிடாரின் சுருதியில் பாட ஆரம்பித்தது.

அதே வினாடி மாஸ்டரின் பத்து விரலும் மேல் சுருதியில் விழுந்தன. அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. வரிசையில் நின்ற வேன்காரர்கள் எந்த வண்டிக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்தார்கள். கிடார் ஒரு பக்கம், பாடுகிற பெண் அதோடு, டிரம்ஸ் வழக்கம்போல். தனியாக நின்றது கீபோர்டு ஒன்றுதான். ஊருக்கு சுருதி தெரியாது, ஆனால் கூட்டத்தில் யார் தனியாக நிற்கிறார் என்பது தெரியும்.

"ஆர்மோனியக்காரரே, வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று சித்தப்பா முதல் வரிசையிலிருந்து கேட்டார். ஒரு வாரம் ரோட்டில் உட்கார்ந்து கத்திய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

மாஸ்டர் நிறுத்தினார். நிர்மலா நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே பக்கத்தில் போய், கையை நீட்டி, கீபோர்டில் அந்தப் பட்டனை இரண்டு தடவை அழுத்தியது. மாஸ்டர் பாம்புப் புற்றில் கை விடுகிறவர் மாதிரி ஒரு விரலை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. இரண்டு கையையும் வைத்தார்.

உச்சிக்குப் போகிற இடம் வந்தது. முன்வரிசையில் இரண்டு பையன்கள் கூவுவதற்கு வாயைக் குவித்து வைத்திருந்ததை நானே பார்த்தேன். நிர்மலா மேலே போனது. குரல் உடையவில்லை. அங்கேயே நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக இறங்கி வந்தது. பையன்கள் குவித்த வாயை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து மாஸ்டரின் பகுதி. இறங்கிய சுருதியில் அவருடைய கீழ்க்குரல் பாதி வழியில் காணாமல் போய், சரணத்தில் திரும்ப வந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் வேன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். மறுபடியும் அதே பாட்டு வேண்டும் என்றார்கள். மூன்று தடவை வாசித்தோம். ஒன்று, மூன்று, ஐந்து.

மற்ற பாட்டுகளையும் அதே சுருதியில்தான் வாசித்தோம். கழுத்து வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை. ராமசாமி நாலாவது பாட்டு வரை ஓரமாக நின்றுவிட்டு, கை சும்மா இருக்க முடியாமல் கிலுகிலுப்பையை ஆட்ட ஆரம்பித்தார். நன்றாகவே ஆட்டினார். நீள விரல் அதற்கும் உதவியது.

சாமான் ஏற்றும்போது மாஸ்டர் சொன்னார், "நாளைக்கே அந்தக் கழுத்தைக் கழட்டி வேற மாட்டணும்."

"மாட்டுங்க மாஸ்டர்," என்றது நிர்மலா. "அப்புடியே பாடறதுக்கும் வேற ஆளு பாத்துக்கங்க."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. தங்கதுரைக்கு அடுத்த மாதம் நிச்சயம் ஆயிற்று. மலைக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தோம். சின்னப்பொண்ணு அவனை அடையாளமே தெரியாமல் யார் என்று கேட்டது. முகத்தில் கரி இல்லாமல் பார்த்ததில்லை அல்லவா. மாயவன் மட்டும் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு பள்ளம் போதுமா? கல்யாணம் ஆனா நாலாவது ஒண்ணு கேப்பியே," என்றார்.

ஐயா, இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த மூன்று பள்ளத்தை நிரப்பினால் தங்கதுரை கிலுகிலுப்பைக்குப் போய்விடுவான், நிர்மலா திரும்பவும் உடைந்துகொண்டு பாட வேண்டும், மாஸ்டர் பட்டனைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடுவார். கழுத்தை நிரப்பலாம் என்று தாங்கள் எழுதியதை மாஸ்டர் படித்துவிட்டார். "பாத்தியா, தொழில் தெரிஞ்சவரே சொல்றாரு," என்று நேற்று முழுக்க அதே பேச்சு. அவர் தனியாகத் தங்களுக்குக் கார்டு எழுதினாலும் எழுதுவார். அதைப் பொருட்படுத்த வேண்டாம். குழுவின் கடிதங்களை எழுதுவது நான்தான்.

ஆகவே வயர் சொருகும் இடத்தை மாற்றியதோடு நிறுத்தி, கழுத்தைத் துடைக்காமல்கூட, பெட்டியில் வைக்கோல் சுற்றி, பஸ் பார்சலில் அனுப்பிவைக்கவும். கூடிய சீக்கிரம் அனுப்பினால் நல்லது. போன வாரம் ராமசாமி தன்னுடைய சொந்த கிடாரைக் கொண்டுவந்து எல்லா சுருதியிலும் வாசித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். தங்கதுரை கிலுகிலுப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலையிலிருந்து நிர்மலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தை மாதத்தில் ஒப்புக்கொண்ட இரண்டு கல்யாணக் கச்சேரி அப்படியே நிற்கிறது. டாக்டரிடம் போகலாமா என்று மாஸ்டர் கேட்டதற்கு, வேண்டாம், கிடார் பார்சல் வந்த அன்றே சரியாகிவிடும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டியது.

இப்படிக்கு,
பா. தமிழழகன்
(பாங்கோஸ் மற்றும் கடிதங்கள்)